கந்தகமும் இரத்தமும்

"டேய், இங்க வந்து கொஞ்சம் பாருடா!"

விடியற்காலை ஐந்தரை மணி. ஹாஸ்டல் பாத்ரூமிலிருந்து என் அறைத்தோழன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள்கூட எழுந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். அவன் சிறுநீர் நம் மெஸ்ஸில் காலையில் இறக்கி வைக்கும் காபி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. கண்களில் மஞ்சள். உதட்டில் இரத்தமே இல்லை.

பெயர் போட வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மெக்கானிக்கல் மாணவன், கபடி ஆடுகிறவன், நோய் நொடி என்று படுத்தவன் அல்ல. வெளியூருக்கு டிரெயினிங் போய்த் திரும்பியபோது குளிர் ஜுரத்தோடு வந்தான். இரத்தத்தில் வைவாக்ஸ் மலேரியா என்று ரிசல்ட் வந்தது. மூன்று நாளைக்கு குளோரோகுயின், கூடவே பதினான்கு நாளைக்கு தினம் 15 மில்லிகிராம் பிரைமாகுயின் என்று மாத்திரை கொடுத்தார்கள். அன்று மூன்றாவது நாள். மாத்திரை கொடுத்த நர்ஸம்மா, "யூரின் கறுப்பா போனா உடனே மாத்திரையை நிறுத்திட்டு ஓடி வந்துடணும் தம்பி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் காதில் வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஆட்டோ பிடித்து ஓடினோம். 13-ல் இருந்த ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது.

"உடம்புல ஒரு என்சைம் கம்மியா இருக்கும்னு தோணுது. ஜி6பிடின்னு பேரு. மலேரியாவைக் கொல்ற மாத்திரை இவனோட சிவப்பணுவையே உடைச்சிருக்கு" என்றார் டாக்டர். பெரிய மருத்துவமனை வராந்தாவில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பதினைந்து மில்லிகிராம் மாத்திரை எப்படி இவ்வளவு இரத்தத்தை உடைக்கும்? மற்ற லட்சக்கணக்கான பேர் அதே மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்களே?

அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. எலக்ட்ரிக்கல்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். படித்து முடித்தபோது ஜெனரேட்டர், பேட்டரி, ஃபியூஸ், ரிலே என்று நம் பாடம்தான் நினைவுக்கு வந்தது. கெமிக்கல் பிராஞ்ச் நண்பர்கள் தப்பிருந்தால் திருத்துங்கள்.

மெஸ்ஸில் கேஸ் லீக் ஆனால் மூக்கில் ஏறும் அந்த நாற்றத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. லீக் ஆனால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைத் துளி கலக்கிறார்கள். ஆல்கஹாலில் ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வைத்தால் அதுதான் மெர்காப்டன். இன்னொரு பெயர் தயால். அதன் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ஒரு கந்தக அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த 'எஸ்ஹெச்' தொகுதி. 1830-களில் டென்மார்க்கைச் சேர்ந்த வில்லியம் ஸைஸ் இவற்றைக் கண்டுபிடித்தார். பாதரசத்தைக் கண்டால் விடாமல் கவ்விப் பிடிப்பதால் 'பாதரசம் பிடிப்பது' என்று பொருள்படும்படி லத்தீனில் மெர்காப்டன் என்று பெயர் வைத்தார்.

இதே எஸ்ஹெச் நம் உடம்பிலும் இருக்கிறது. புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டியவை. அதில் சிஸ்டீன் என்ற ஒன்றின் நுனியில் இந்த எஸ்ஹெச் தொங்குகிறது. கந்தகம் பெரிய அணு. வெளி எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளாது, கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு எஸ்ஹெச் தொகுதிகள் தங்கள் ஹைட்ரஜனை இழந்தால் இரண்டு கந்தகமும் கைகோத்துக்கொள்ளும். இதற்கு டைசல்பைடு பாலம் என்று பெயர். டயர் கம்பெனியில் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் இழைகளுக்கிடையே இப்படித்தான் கந்தகப் பாலம் விழுந்து கெட்டிப்படுகிறது. பியூட்டி பார்லரில் சுருட்டை முடிக்குப் போடும் மருந்தும் ஒரு தயால்தான். அது முடியிலுள்ள கந்தகப் பாலங்களை அறுத்துவிட, முடியைச் சுருட்டி வைத்து வேறு இடத்தில் பாலம் போட வைக்கிறார்கள்.

பாலம் போடலாம், பிரிக்கலாம், மறுபடி போடலாம். இந்த 'மறுபடி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிவப்பணுவுக்குள் போவோம். நம் உடம்பில் சுமார் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். வேலை, ஆக்ஸிஜனை ஏற்றி இறக்குவது. ஆனால் ஆக்ஸிஜன் சாது இல்லை. இரும்போடு ஒட்டியிருக்கும்போதே சில சமயம் ஒரு எலக்ட்ரானைத் திருடிக்கொண்டு சூப்பர் ஆக்ஸைடாக ஓடிவிடும். அந்த ஹீமோகுளோபின் வேலைக்கு ஆகாத மெத்ஹீமோகுளோபினாக நின்றுவிடும். ஒரு நாளைக்கு நம் ஹீமோகுளோபினில் 3 சதவீதம் வரை இப்படி ஆகிறதாம்! அதையெல்லாம் திரும்பச் சரிசெய்துகொண்டே இருப்பதற்குத் தனி என்சைம் வைத்திருக்கிறோம். தப்பியோடிய சூப்பர் ஆக்ஸைடு ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாறுகிறது. ஆமாம், காயத்தில் ஊற்றினால் நுரை வருமே, அதேதான்.

இந்தப் பெராக்ஸைடு ஹீமோகுளோபினைத் தொடுவதற்கு முன்னால் குறுக்கே விழுந்து அடி வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் குளுதாதயோன். குளுடாமேட், சிஸ்டீன், கிளைசீன் என்று மூன்றே மணி கோத்த சின்னச் சங்கிலி. நடுமணியின் எஸ்ஹெச்தான் அதன் ஆயுதம். 1888-இல் பிரான்சில் ஜோசப் த ரே-பைலாட் என்பவர் ஈஸ்ட்டிலிருந்து இதை முதலில் கண்டு, கந்தகத்தை நேசிப்பது என்ற அர்த்தத்தில் 'ஃபிலோதியான்' என்று பெயரிட்டார். 1921-இல் கேம்பிரிட்ஜின் ஹாப்கின்ஸ் மறுபடி பிரித்தெடுத்து இன்றைய பெயரைக் கொடுத்தார். (வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-இல் நோபல் பரிசு வாங்கினாரே, அதே ஹாப்கின்ஸ். முதலில் இரண்டு மணிச் சங்கிலி என்று நினைத்து, பிறகு மூன்று என்று திருத்திக்கொண்டார்.)

இரண்டு குளுதாதயோன்கள் தலா ஒரு எலக்ட்ரான் கொடுத்துப் பெராக்ஸைடைத் தண்ணீராக்கிவிடும். தாங்கள் இரண்டும் கந்தகப் பாலத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த வேலையை முடுக்கிவிடும் என்சைம் குளுதாதயோன் பெராக்ஸிடேஸ். 1957-இல் கார்டன் மில்ஸ் கண்டுபிடித்தது, அதுவும் சிவப்பணுவில்தான்.

நம் பாஷையில் சொன்னால், தனித்தனியாக இருக்கும் குளுதாதயோன் சார்ஜ் ஏறிய பேட்டரி. ஒட்டிக்கொண்ட ஜோடி சார்ஜ் இறங்கியது. ஆரோக்கியமான செல்லில் சார்ஜ் ஏறியது நூறு இருந்தால் இறங்கியது ஒன்று இருக்கும், அவ்வளவுதான். சார்ஜர் யார்? குளுதாதயோன் ரிடக்டேஸ் என்ற என்சைம். சார்ஜருக்குக் கரண்ட் எங்கிருந்து? என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறிலிருந்து. அந்தக் கரண்டை உற்பத்தி செய்யும் ஜெனரேட்டர் எது என்று கேட்டால், அங்கேதான் என் நண்பனின் பிரச்சினை உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ். சுருக்கமாக ஜி6பிடி.

குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரானை உருவி என்ஏடிபிஎச் தயாரிப்பதில் முதல் படி இதுதான். மற்ற செல்களில் என்ஏடிபிஎச் கிடைக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை, எனவே ஏறக்குறைய இந்த ஒரே ஜெனரேட்டரை நம்பித்தான் முழு பில்டிங்கும். சிவப்பணுவில் பெராக்ஸிரெடாக்ஸின், கேட்டலேஸ் என்று வேறு காவலாளிகளும் இருக்கிறார்கள். பெராக்ஸிரெடாக்ஸினின் வேலையும் ஒரு சிஸ்டீனின் எஸ்ஹெச்சால் நடப்பதுதான். ஆனால் கேட்டலேஸுக்குக்கூட நீண்ட நாள் வேலை செய்ய என்ஏடிபிஎச் துணை வேண்டியிருக்கிறது. எல்லா ஒயரும் கடைசியில் அந்த ஜெனரேட்டருக்குத்தான் போகிறது.

ஜெனரேட்டர் பலவீனமாக இருந்தாலும் சாதாரண லோடில் ஒன்றும் தெரியாது. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். அதனால்தான் என் நண்பன் இருபது வயதுவரை கபடி ஆடினான். பிரைமாகுயின் வந்ததும் கல்லீரல் அதை வேறு பொருள்களாக மாற்றியது. அந்தப் பொருள்கள் சிவப்பணுவுக்குள் சுற்றிச் சுற்றி எலக்ட்ரானை ஆக்ஸிஜனுக்குக் கைமாற்றிப் பெராக்ஸைடைக் கொட்டின. வெல்டிங் மெஷினைப் போட்டவுடன் வோல்டேஜ் விழுவது போல விழுந்தது. குளுதாதயோன் எல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றது, பிரித்துவிட ஆளில்லை. அடுத்த அடி ஹீமோகுளோபினின் சொந்த எஸ்ஹெச்சுகள்மேல் விழுந்தது. அதன் பீட்டா சங்கிலியில் 93-ஆவது இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. முதலில் மாட்டுவது அதுதான். கண்ட இடத்தில் கந்தகப் பாலம் விழுந்து, உருக்குலைந்து, ஹீமோகுளோபின் கட்டி கட்டியாகச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இதற்கு ஹீன்ஸ் துகள் என்று பெயர். 1890-இல் ராபர்ட் ஹீன்ஸ் பார்த்துச் சொன்னது. மண்ணீரல் வழியே போகும்போது அந்தக் கட்டியைச் சவ்வோடு பிய்த்து எடுத்துவிடும். கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி ஆகிவிட்ட செல் எத்தனை நாள் தாங்கும்? உடைந்து கொட்டிய ஹீமோகுளோபின்தான் அன்று காலை டிக்காஷனாக வந்தது.

இதைக் கண்டுபிடித்த கதை இன்னும் கனமானது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் 1940-களில், போர்க்காலத்தில், கைதிகளைக் கொசுவால் கடிக்க வைத்து மலேரியா உண்டாக்கி மருந்துகளைச் சோதித்தார்கள். கைதிகள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் என்பது உண்மை. கம்பிக்குப் பின்னால் இருப்பவனின் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு விஷயம். நூரம்பெர்க் விசாரணையில் நாஜி டாக்டர்களின் வக்கீல்கள், "நீங்களும் செய்தீர்களே" என்று இந்தச் சிறையைச் சுட்டிக்காட்டினார்கள். அங்கே பிரைமாகுயின் சாப்பிட்ட கறுப்பினக் கைதிகளில் சிலருக்கு மட்டும் இரத்தம் உடைந்தது. கோளாறு உடம்பிலா, செல்லிலா? அப்படிப்பட்டவரின் சிவப்பணுக்களை கதிரியக்க குரோமியத்தால் அடையாளமிட்டு ஆரோக்கியமானவருக்கு ஏற்றி மாத்திரை கொடுத்தார்கள். ஏற்றிய செல்கள் மட்டும் உடைந்தன! கோளாறு செல்லில்தான் என்று 1954-இல் தெளிவாயிற்று. மறுவருடம் எர்னஸ்ட் பாய்ட்லர் அந்தச் செல்களில் குளுதாதயோன் குறைவாக இருப்பதையும், இருப்பதும் சீக்கிரம் அழிந்துவிடுவதையும் காட்டினார். 1956-இல் பால் கார்சனும் ஆல்விங்கும் மற்றவர்களும் ஜெனரேட்டரையே கண்டுபிடித்தார்கள். குறைந்திருந்தது ஜி6பிடி.

உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறைபாடு இருக்கிறது. மலேரியா பரவியிருந்த நாடுகளில்தான் அதிகம். மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கொடுப்பதால் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது என்கிறார்கள். நம் நாட்டில் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிஸ்ஸா என்ற மூன்று வகைகள் அதிகம் காணப்படுகின்றன. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பையன்களுக்குத் தாய் வழியாகத்தான் வரும், அப்பாவிடமிருந்து வராது. நண்பன் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டான். அவன் அம்மா யோசித்துவிட்டு, "உங்க மாமாவுக்கும் சின்ன வயசுல ஒரு தடவை இப்படி ஆச்சுடா. பீரோல வச்ச பாச்சை உருண்டையை எடுத்து வாயில போட்டுக்கிட்டான். காமாலைன்னு சொல்லிக் கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தாங்க" என்றாராம். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீனும் இந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுவை உடைப்பதுதான். கீழாநெல்லி பாவம், அது என்ன செய்யும்.

எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. ஜி6பிடி மரபணு எல்லாச் செல்லிலும் ஒன்றுதானே? மாத்திரை கல்லீரலுக்கும்தானே போனது? கல்லீரல் ஏன் உடையவில்லை? இங்கேதான் கட்டுரையின் இரண்டாவது பாதி இருக்கிறது. இதுவரை சொன்னது ஃபியூஸ் கதை. இனி ரிலே கதை.

குறைபாடுள்ள ஜி6பிடி பெரும்பாலும் பிறக்கும்போதே ஊமை அல்ல. சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கு, அவ்வளவுதான். சாதாரண சிவப்பணுவில் அதன் அரை ஆயுள் சுமார் 60 நாள். ஆப்பிரிக்க வகையில் 13 நாள். மெடிட்டரேனியன் வகையில் இன்னும் மோசம். உட்கரு உள்ள செல் என்றால் கெட்டுப்போகப் போகப் புதிதாகச் செய்துகொள்ளும். சிவப்பணு உட்கருவை வெளியே தள்ளிவிட்டுத்தான் இரத்தத்துக்குள் வருகிறது. பிறக்கும்போது கட்டிக்கொடுத்த சோற்றை வைத்துக்கொண்டு 120 நாள் ஓட்ட வேண்டும்.

உட்கரு இருந்தால் மட்டும் போதுமா? "தாக்குதல் வந்திருக்கிறது, சரக்கு அதிகம் செய்" என்று யாராவது சொல்ல வேண்டுமே. சொல்வதும் எஸ்ஹெச்தான்! இதைப் படித்தபோது உண்மையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எல்லா எஸ்ஹெச்சும் ஒரே வேகம் இல்லை. சாதாரண சிஸ்டீன் தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின் கொண்ட கந்தகமாக நிற்பதற்கு பி.எச். சுமார் 8.3 வேண்டும். செல்லுக்குள் இருப்பதோ 7.2 பக்கம். ஆகவே பத்தில் ஒன்றுதான் தயாராக நிற்கும். ஆனால் சில புரதங்களில் சிஸ்டீனுக்குப் பக்கத்திலேயே நேர்மின் கொண்ட அமினோ அமிலங்கள் உட்கார்ந்து, அதன் ஹைட்ரஜனைப் பிடுங்கி எப்போதும் தயார் நிலையில் வைத்திருக்கும். பெராக்ஸைடைக் கண்டால் குளுதாதயோன் தனியாகச் செய்யும் வேகத்தைவிடப் பெராக்ஸிரெடாக்ஸினின் சிஸ்டீன் கோடி மடங்கு வேகமாகப் பாயும். புரதத்துக்குள் உட்காரும் இடம்தான் இந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

பெராக்ஸைடு பட்டதும் கந்தகம் ஓர் ஆக்ஸிஜனை ஏற்றுச் சல்பீனிக் அமிலம் ஆகும். பக்கத்தில் இன்னொரு எஸ்ஹெச் இருந்தால் உடனே பாலம் போட்டுக்கொள்ளும். பாலம் விழுந்தால் புரதத்தின் வடிவம் மாறும், வடிவம் மாறினால் வேலை மாறும். ஆபத்து நீங்கியதும் குளுதாதயோனோ தயோரெடாக்ஸினோ வந்து பாலத்தைப் பிரிக்கும், புரதம் பழையபடி ஆகும். ரிலே ஆபரேட் ஆகி, ரிசெட் ஆவது மாதிரி. தாக்குதல் அளவுமீறி ஒரே கந்தகத்தின்மேல் மூன்று ஆக்ஸிஜன் ஏறிவிட்டால் அது சல்போனிக் அமிலம். அதற்குமேல் ரிசெட் கிடையாது, கான்டாக்ட் கருகிப்போன ரிலே.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஆக்ஸி-ஆர் என்ற புரதம் இருக்கிறது. பெராக்ஸைடு வந்தால் அதன் 199-ஆவது, 208-ஆவது சிஸ்டீன்கள் பாலம் போட்டுக்கொள்ள, தற்காப்பு மரபணுக்கள் ஆன் ஆகின்றன. இதை ஜிஸெலா ஸ்டோர்ஸின் குழு 1998-இல் விளக்கியது. நம் செல்களில் இதே வேலைக்கு வேறு ஏற்பாடு. என்ஆர்எஃப்2 என்ற புரதம் உட்கருவுக்குள் போய்த் தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிட வல்லது. ஆனால் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதன் கழுத்தைப் பிடித்து, 'குப்பைக்கு' என்று சீட்டு ஒட்டி, சில நிமிடங்களிலேயே அழிக்க அனுப்பிக்கொண்டிருக்கும். செய்வது, அழிப்பது, செய்வது, அழிப்பது. வேஸ்ட் என்று தோன்றும். எப்போதும் ஹாட் ஸ்டாண்ட்பையில் ஓடும் ஜெனரேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும். கீப்1-இல் 27 சிஸ்டீன்கள். அவற்றில் 151-ஆவது போன்ற முக்கியமான சிலவற்றின் எஸ்ஹெச்சில் பெராக்ஸைடோ வேறு வேதிப்பொருளோ வந்து மாட்டினால், சீட்டு ஒட்டும் வேலை நின்றுவிடும். புதிதாகப் பிறக்கும் என்ஆர்எஃப்2 அழிக்க ஆளில்லாமல் குவிந்து உட்கருவுக்குள் நுழையும். அங்கே அது ஆன் செய்யும் மரபணுக்களின் பட்டியலைப் பாருங்கள். குளுதாதயோனைக் கட்டும் என்சைம், சார்ஜரான ரிடக்டேஸ், அப்புறம் அதே ஜி6பிடி! ஜப்பானின் யமமோட்டோ குழு 1997-இலும் 1999-இலும் இதன் அடிப்படையை வெளியிட்டது.

இந்த அலாரம் அடிக்க உட்கரு வேண்டும். கல்லீரலுக்கு இருக்கிறது, சிவப்பணுவுக்கு இல்லை. என் சந்தேகத்துக்குப் பதில் அதுதான்.

கல்லீரலும் சாகாவரம் வாங்கி வந்ததல்ல. பாராசிட்டமாலை ஒரேயடியாக அளவுமீறி விழுங்கினால் அதிலிருந்து உண்டாகும் ஒரு விஷப்பொருளைக் குளுதாதயோன் தன் எஸ்ஹெச்சால் பிடித்துப் பிடித்துத் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் அந்த விஷம் கல்லீரல் புரதங்களின் எஸ்ஹெச்சுகளில் ஏறி உட்காரும். மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்து அசிட்டைல் சிஸ்டீன். சிஸ்டீனை உள்ளே அனுப்பினால் செல் தானே குளுதாதயோன் கட்டிக்கொள்ளும். பரீட்சை ஜுரத்தில் பாராசிட்டமாலை மிட்டாய் மாதிரி விழுங்கும் நம் ஹாஸ்டல் மகாராஜாக்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இத்தனையும் கேட்டால், ஆக்ஸிஜனேற்றம் என்றாலே எதிரி, ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரையை அள்ளிப் போட்டால் போதும் என்று தோன்றும். எங்கள் விங்கில் ஒருவன் நண்பனுக்கு வைட்டமின் சி மாத்திரை டப்பாவே வாங்கி வந்துவிட்டான். டாக்டர் பார்த்ததும், "இது வேண்டாம்பா" என்று எடுத்து வைத்துவிட்டார். சாப்பாட்டில் வரும் எலுமிச்சை, நெல்லிக்காய் பற்றிக் கவலை இல்லை. மிகப்பெரிய அளவில், அதுவும் நரம்பில் ஏற்றினால், வைட்டமின் சி-யே பெராக்ஸைடை உண்டாக்கும். ஜி6பிடி குறைந்தவர்களின் இரத்தம் அதனால் உடைந்திருக்கிறது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்!

நம் செல்களே வேண்டுமென்று கொஞ்சம் பெராக்ஸைடு தயாரிக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் செல்லின் வாசலில் வந்து தட்டியதும் அங்கே துளிப் பெராக்ஸைடு பிறக்கிறது. அது பிடிபி1பி என்ற, இன்சுலின் செய்தியை அணைக்கும் என்சைமின் 215-ஆவது சிஸ்டீனைத் தற்காலிகமாக வேலை செய்யாமல் ஆக்குகிறது. அணைப்பவன் வாய் மூடினால்தானே செய்தி உள்ளே போகும்? பெராக்ஸைடை ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிட்டால் ரிலேக்கு சிக்னல் எங்கிருந்து வரும்? கடுகுக் குடும்பச் செடிகளில் உள்ள காரம் கீப்1-இன் எஸ்ஹெச்சைச் சீண்டித்தான் தற்காப்பைக் கிளப்புகிறது. கடுகை அரைத்தால் மூக்கில் சுர்ரென்று ஏறுகிறதே, அதுவும் நரம்பு நுனியில் ஒரு புரதத்தின் சிஸ்டீனில் அதே காரம் போய் மாட்டுவதால்தான்.

நண்பன் கதைக்கு வருகிறேன். மருத்துவமனையிலேயே எடுத்த ஜி6பிடி டெஸ்ட் "ஏறக்குறைய நார்மல்" என்று வந்தது. எங்களுக்குக் குழப்பம். டாக்டர் சிரித்தார். "கம்மியா இருந்த கிழட்டுச் செல்லெல்லாம் உடைஞ்சு போச்சு. இப்ப இரத்தத்துல இருக்கறது புதுசாப் பொறந்த குட்டிச் செல். அதுல என்சைம் ஃப்ரெஷ்ஷா இருக்கும். மூணு மாசம் கழிச்சு வா." இதற்கிடையே ஏழாவது வாரம் மறுபடி குளிர் ஜுரம். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் தூங்கிக் கிடந்து திரும்ப எழும். குளோரோகுயின் இரத்தத்தில் உள்ளதைத்தான் கொல்லும், தூங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் வகைதான் வேண்டும். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டஃபெனோகுயினும் இதே வகை. அதுவும் ஜி6பிடி அளந்து பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பிரைமாகுயின் சாப்பிட்டால் இரத்தம் உடையும், சாப்பிடாவிட்டால் மலேரியா திரும்பத் திரும்ப வரும். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த செமஸ்டரில் அட்டெண்டன்ஸும் போய்விடும் என்ற நிலை.

மூன்று மாதம் கழித்து டெஸ்ட். லேப் டெக்னீஷியன் எங்களையும் பார்க்க விட்டார். பாய்ட்லர் 1960-களில் வகுத்த எளிய முறைதான். ஒரு துளி இரத்தத்தை ரசாயனக் கலவையில் சேர்த்து ஃபில்டர் பேப்பரில் வட்டமாக வைத்து, இருட்டில் புறஊதா விளக்கில் காட்டுவார்கள். என்ஏடிபிஎச் உண்டாகியிருந்தால் ஒளிரும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த இன்னொரு துளி பளீரென்று ஒளிர்ந்தது. அவன் துளி இருட்டாகவே கிடந்தது.

வழி இருக்கிறது என்றார் டாக்டர். தினமும் வேண்டாம், வாரம் ஒரு தடவை, கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் கணக்கில், எட்டு வாரம். அவன் 60 கிலோ, ஆக 45 மில்லிகிராம். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் மிகப் பழைய செல்கள் கொஞ்சம் உடையும், அதற்குள் எலும்பு மஜ்ஜை புதிய செல்களைச் செய்து ஈடுகட்டிவிடும். ஒவ்வொரு வினாடியும் இருபது லட்சம் சிவப்பணு செய்கிற ஃபேக்டரி அல்லவா! இந்த முறையும் 1960-இல் ஆல்விங் குழு அதே ஸ்டேட்வில் கைதிகளிடம் சோதித்து வெளியிட்டதுதான். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயர் தெரியாத கைதிகளைப் பற்றி நாங்கள் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இதை யாரும் பார்த்துவிட்டுத் தாங்களே செய்துகொள்ள வேண்டாம். ஒவ்வொரு வாரமும் இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் அடுத்த மாத்திரை கொடுத்தார்கள். ஞாயிறு இரவு மாத்திரை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலையில் ஒரு கண்ணாடி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பது எங்கள் அறையின் காலை வழிபாடு. இரண்டாவது வாரம் கொஞ்சம் டீ நிறம் காட்டி வயிற்றைக் கலக்கியது. அன்றே ஓடினோம், ஹீமோகுளோபின் அரைப் புள்ளிதான் இறங்கியிருந்தது. எட்டாவது ஞாயிறு முடிந்தபோது 12.6. ஜுரம் அதற்கப்புறம் வரவில்லை.

அவன் பர்ஸில் இப்போது பஸ் பாஸுக்குப் பின்னால் ஓர் அட்டை இருக்கிறது. சாப்பிடக் கூடாத மருந்துகளின் பெயர்களை டாக்டர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. மாமாவையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஊருக்குச் சொல்லியிருக்கிறான். "இத்தனை வயசுக்கு மேல எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்று மாமா மழுப்பிக்கொண்டிருக்கிறாராம்.